கழிவொயிலும் கிணற்று நீரும்

"மாஸ்டர், உமக்கேன் இந்த வேலை? அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்களே!"

சொந்தக் காரின் எஞ்சின் ஒயிலை வீட்டு முற்றத்தில் வைத்துத் தம் கையாலேயே மாற்றும் ஆசிரியர் எவரும் இக்கேள்விக்குத் தப்புவதில்லை. கேட்பவர் பெரும்பாலும் படித்தவராகவே இருப்பார். வெண்கட்டி பிடித்த கையில் கரி படிந்திருப்பதைக் காண அவருக்குக் கூச்சம். அக்கூச்சத்தை நம்மீது கொண்ட அனுதாபம் போலக் காட்டிக்கொள்வார். இந்தக் கூச்சத்தை நான் மதிப்பதில்லை. கார் வைத்திருப்பவர், உடல் இடங்கொடுக்குமாயின், ஒயிலையும் அதன் வடிகட்டியையும் தாமே மாற்றப் பழகுதல் நன்று என்பது என் அபிப்பிராயம். ஆனால் அவ்வேலையின் கடைசிக் கால்பங்கை நம்மவருட் பலர் செய்யாது விட்டுவிடுகின்றனர். அக்கால்பங்கைச் செய்ய மனமில்லாதவர் முன்னைய முக்கால் பங்கையும் தொடாதிருப்பதே மேல் என்பதும் என் அபிப்பிராயந்தான். இரண்டையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. வண்டி அச்சுக்கு இடும் மையை நம் முன்னோர் மசகு என்றனர். ஆகவே எஞ்சினுக்கு இடுவது மசகெண்ணெய் ஆதல் வேண்டும். நம் நாட்டுச் செய்தித்தாள்களோ நிலத்தடியினின்று எடுக்கும் சுத்திகரிக்கப்படாத எண்ணெய்க்கு அப்பெயரைச் சூட்டி, நல்லதொரு சொல்லைப் பறித்துக்கொண்டன. இன்று கராஜில் போய் மசகெண்ணெய் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆதலால் ஊர்வழக்கைத் தழுவி ஒயில் என்றே எழுதுகிறேன். தமிழில் ஒயிலென்றால் நடையழகு என்றும் பொருள் உண்டு; ஒயில் வற்றிய எஞ்சினின் நடையில் அழகு இராது என்று யாரேனும் சிலேடை செய்வாராயின் அவரை மன்னித்துவிடலாம்.

ஒயிலின் தொழில் வழுக்கச் செய்வது மாத்திரம் என்று எண்ணுவோர் பலர். அஃது உண்மையிற் பாதியே. உராயும் உலோகங்களுக்கிடையே மெல்லிய படலமாய் நின்று அவற்றை ஒன்றையொன்று தொடாமற் காப்பதோடு, உட்பாகங்களின் வெப்பத்தை வாங்கிக் கீழே கொண்டுவருவதும், துருவைத் தடுப்பதும், எரிந்த புகைக்கரியைத் தன்னுள் ஏந்திக் கழுவுவதும் அதன் வேலைகளே. இந்தக் கடைசி வேலையைப் பலர் அறியாமையால் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. ஒயில் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்கிறார்கள். டீசல் எஞ்சினில் ஊற்றிய புத்தொயில் சில நூறு கிலோமீற்றர் ஓடுமுன்னரே கறுத்துவிடும். கரி உலோகத்தில் ஒட்டாதபடி ஒயில் அதைத் தன்னிடம் தாங்கி வைத்திருக்கிறது என்பதே அதற்குப் பொருள். மாற்றும் காலத்தை நிறத்தைக் கொண்டு நிர்ணயித்தல் தகாது. காரோடு வந்த கைந்நூலைக் கொண்டே நிர்ணயித்தல் வேண்டும். மொறிஸ் மைனர் காலத்து 3,000 மைல் கணக்கே நம் கராஜுகளில் 5,000 கிலோமீற்றர் என்று உருமாறி இன்றும் ஆட்சி செய்கிறது. இக்காலச் செயற்கை ஒயில்கள் பல அதனினும் நெடுந்தூரம் தாங்குவன. அதே வேளையில், தூரம் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கொரு முறையேனும் மாற்றுதல் வேண்டும் என்று பெரும்பாலான கைந்நூல்கள் கூறும். வீட்டிலிருந்து பாடசாலைக்கும் பாடசாலையிலிருந்து வீட்டுக்கும் மாத்திரம் ஓடும் நம் ஆசிரியர்களின் கார்களுக்கு இவ்விரண்டாம் விதியே பொருந்தும். எஞ்சின் நன்றாகச் சூடேறாத குறும்பயணங்களில் நீராவியும் எரியாத பெற்றோலும் ஒயிலிலேயே தங்கிவிடுகின்றன.

வடிகட்டியின் கதையும் சுவையானது. மோட்டார் வண்டி பிறந்து பல ஆண்டுகள் வரை அதன் எஞ்சினுக்கு ஒழுங்கான ஒயில் வடிகட்டி இருந்ததில்லை. 1923ஆம் ஆண்டிலேயே அமெரிக்கரான சுவீற்லாந்தும் கிறீன்ஹால்கும் அதற்குக் காப்புரிமை கோரினர். 'தூய ஒயில் பின்னர்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களை நறுக்கி ஒட்டிப் 'பியூரொலேற்றர்' என்று அதற்குப் பெயரிட்டனர். கையாலே திருகி மாட்டும் இன்றைய தகரக் குப்பி வடிகட்டி 1954இல் விக்ஸ் என்ற நிறுவனத்தால் வந்தது. பழைய மொறிஸ், ஒஸ்டின் கார்களைக் கழற்றியவர்கள், உள்ளே வேறாக வடிகட்டி வைத்த உலோகக் கிண்ணத்தையும், அதன் விளிம்பு வளையத்தைச் சரியாக அமர்த்தப் பட்ட பாட்டையும் மறந்திரார்.

வேலை கடினமன்று, பொறுமை வேண்டும். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு இளஞ்சூட்டில் நிறுத்துதல் வேண்டும். குளிர்ந்த ஒயில் மெல்ல வடியும். கொதிக்கும் ஒயிலோ கையைப் பொசுக்கும். வண்டி சமதரையில் நிற்க, சக்கரங்களுக்கு அடை கொடுத்திருக்க வேண்டும். வண்டியை உயர்த்துவதாயின், ஜக்கை மாத்திரம் நம்பி அதன் கீழே தலையை நீட்டுதல் ஆகாது. இரும்புத் தாங்கிகளின்மேல் அமர்த்திய பின்னரே கீழே செல்லலாம். இவ்வொரு விதியில் எள்ளளவும் தளர்வு கூடாது. தாங்கி இல்லாதவர் அன்றைக்கு அவ்வேலையை விட்டுவிடுக.

தொட்டியின் அடியிலுள்ள திருகாணியைக் கழற்றியதும் ஒயில் நேர்கீழாக விழும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். முதலில் அது வில்போல் வளைந்து பாயும்; வடிதல் குறையக் குறையப் பின்வாங்கி நேராகும். பௌதிக ஆசிரியர்கள் கரும்பலகையில் வரைந்து காட்டும் பாய்பொருட் பாடம் அந்த ஒரு நிமிடத்தில் உயிரோடு கண்முன் நிற்கிறது. ஆதலாற் பாத்திரத்தைச் சற்று அப்பால் தள்ளி வைத்தல் வேண்டும். பழைய வடிகட்டியைக் கழற்றியதும், அதன் றப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டி நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தல் இன்றியமையாதது. ஒட்டியிருப்பதறியாது அதன்மேற் புதியதைத் திருகினால், இரண்டு வளையங்களின் இடுக்கால் ஒயில் பீறிட்டு வெளியேற, எஞ்சின் சிறிது நேரத்திற் சாகும். புதிய வளையத்துக்குப் புத்தொயிலைச் சிறிது பூசி, முகம் தொட்டபின் முக்காற் சுற்றளவு கையால் இறுக்கினாற் பெரும்பாலும் போதும். ஸ்பானரால் முறுக்கி இறுக்குவோர் அடுத்தமுறை கழற்ற வருபவரின் சாபத்தைச் சம்பாதிக்கின்றனர். திருகாணிக்குப் புதிய வாசர் இடுதல் நன்று. பின்னர் ஒயிலை ஊற்றி, எஞ்சினைச் சிறிது ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து அளவுக் கம்பியைப் பார்த்தல் வேண்டும். கம்பியின் இரண்டு கோடுகளுக்கும் இடையில் நிற்பதே அளவு. கூடினாலும் தீங்கு, குறைந்தாலும் தீங்கு.

எந்த ஒயில் என்பதிலும் நம்மவருக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு. வெப்ப நாட்டுக்குத் தடித்த ஒயிலே நல்லதென்று, மெல்லிய ஒயிலுக்கு ஆக்கிய எஞ்சினிலும் குழம்புபோன்றதை ஊற்றுவார்கள். அண்மைக் காலத்திற் பெருகிய அக்வா போன்ற இருசக்திக் கார்களுக்குத் தயாரித்தவர் 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயிலையே விதித்திருக்கின்றனர். அவற்றின் இடுக்குகள் அவ்வளவு நுண்ணியவை. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. நமக்குக் குளிர்காலம் இல்லையாயினும், விடியற்காலையில் எஞ்சின் விழித்த முதற் கணங்களில் ஒயில் மேலே ஏற எடுக்கும் நேரமே தேய்வுக்குக் காரணம் என்பதால், அவ்வெழுத்துக்கு முன்னுள்ள எண் நமக்கும் உரியதே.

இவ்வளவையும் கராஜில் ஒருவர் செய்து தருவாரே என்றால், தருவார், நன்றாகவும் செய்வார். தொழிலாளியின் திறமையைக் குறைத்துரைப்பது என் நோக்கமன்று. மாறாக, ஒருமுறையேனும் வண்டியின் கீழே மல்லாந்து கிடந்தவனுக்கே அத்திறமையின் மதிப்பு விளங்கும் என்கிறேன். உத்தியோகமே கல்வியின் பயன், கைத்தொழில் கல்லாதவனின் விதி என்று நெடுங்காலம் எண்ணி வந்த சமூகம் நம்முடையது. அவ்வெண்ணத்தை உடைத்தது நம் சீர்திருத்தப் பேச்சாளர்களல்லர், பஞ்சமே உடைத்தது. 1990களிற் பொருளாதாரத் தடை யாழ்ப்பாணத்தை இறுக்கியபோது பெற்றோல் அரும்பொருளாயிற்று. சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய மொறிஸ்களும் ஒஸ்டின்களும் நம் தெருக்களைக் காத்தன. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும் என்பதை அந்நாளிற் கார் ஓட்டியவர்கள் புத்தகத்திற் படித்தல்ல, அளவுக் கம்பியை முகர்ந்தே அறிந்தனர். பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரி வரை தனியார் காருக்கு வழி திறக்கவில்லை. அவ்வைந்தாண்டுகளில் உள்ள காரைக் காப்பதே புதுக்கார் வாங்குவதாயிற்று. அதன் முதற்பாடம் ஒயில்.

நிற்க. இதுவரை கூறியது முக்காற் பங்கு. மாற்றி முடித்ததும் முற்றத்தில் ஒரு பாத்திரம் நிறையக் கறுத்த ஒயில் இருக்கும். ஒரு சிறு காரிலிருந்து ஏறக்குறைய மூன்று லீற்றர். அதை என்ன செய்வது?

கோடிப்புறத்தில் ஊற்றுவோர் உளர். கறையானுக்கு நல்லதென்று வேலிக் கதியாலுக்கும் கூரைத் தூணுக்கும் பூசுவோர் உளர். புழுதி அடங்கட்டும் என்று ஒழுங்கையில் தெளிப்பவரையும் கண்டிருக்கிறேன். இன்னும் சிலர், யாருடனோ உள்ள பகையைத் தீர்க்க அயலவரின் பெயர்ப்பலகைமீதும் ஊற்றுவர். அது வேறு கட்டுரைக்கு உரிய விஷயம். இவர்களெல்லாம் ஒன்றை மறக்கின்றனர். நாம் குடிப்பது கிணற்று நீர். குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை; வழுக்கியாறும் மாரியில் மாத்திரமே ஆறு. சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கிய மழைநீர் உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய வில்லைபோல் மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதி நன்னீராகவும் ஆழம் உவராகவும் இருப்பது இவ்வுண்மைக்குக் கண்கண்ட சாட்சி. வில்லையின் மேற்கூரையோ நம் காலடியிற் சில முழத்தில். வெடிப்புண்ட சுண்ணக்கல் நீரை வடிகட்டித் தருவதில்லை, வழிவிட்டு அனுப்பிவிடுகிறது. மண்ணில் ஊற்றிய ஒயிலை அடுத்த மாரி எங்கே கொண்டுசெல்லும் என்பதை விரித்துரைக்க வேண்டுமோ?

ஒருமுறை மாற்றிய கழிவொயில் பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் கணக்கிட்டுச் சொல்கிறது. நம் அளவையில் ஏறக்குறைய முப்பத்தெட்டு இலட்சம் லீற்றர். ஆனால் அமெரிக்கக் கணக்கு நமக்கு எதற்கு? சுன்னாகம் இருக்கிறது. அங்கு மின் உற்பத்தி நிலையச் சூழலிற் கிணறுகளில் எண்ணெய் மிதந்த செய்தி 2014, 2015 ஆண்டுகளில் ஊரைக் கலக்கியது. மக்கள் தம் கிணற்றைக் கைவிட்டுத் தாங்கி வண்டியை எதிர்பார்த்து வாளிகளுடன் வரிசையில் நின்றனர். வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்று, 2019இற் பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பாயிற்று. பெருநிறுவனத்தின் கழிவை எதிர்த்து ஊர்வலம் போனவர்களுள் நம் ஆசிரியர்களும் மாணவர்களும் இருந்தனர், அது பெருமைக்குரியது. அதே ஊர்வலத்திற் போனவரின் வீட்டுக் கோடியில் மூன்று லீற்றர் ஊறுமாயின், அவருடைய கிணற்றுக்கு இரண்டின் வேறுபாடும் தெரியாது.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்று எழும். 'அப்படியாயின் சேர்விஸ் நிலையத்துக்கே போய்விடலாமே. அங்கே பீப்பாய் வைத்துச் சேர்க்கிறார்களே' என்பர். வலிமையான வாதந்தான், எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. சேர்த்த ஒயில் சீமெந்துச் சூளை போன்ற கடுவெப்ப உலைகளுக்குப் போய் எரிபொருளாகலாம். முற்றத்தில் சிந்தியது எதற்குமாகாது. ஆனால் எல்லாப் பீப்பாயும் உலைக்கே போகிறதென்று உறுதி கூறுவார் யார்? வீட்டில் மாற்றுபவருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது: தம் காரிலிருந்து வெளியேறியது எவ்வளவு என்பதை அவர் தம் கண்ணாற் காண்கிறார். கராஜில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவருக்கு அது தெரியாது. தெரியாதது அவரை உறுத்தவும் செய்யாது.

நான் செய்வது இது. புத்தொயில் வந்த கலத்தையே பழையதற்குப் பயன்படுத்துகிறேன். வடிகட்டியைக் கவிழ்த்து ஓரிரவு வடியவிட்டால் அதிலிருந்தும் ஒரு கோப்பையளவு வரும். தண்ணீரையோ மண்ணெண்ணெயையோ அதனோடு கலப்பதில்லை; கலந்ததைச் சேர்ப்பவர் ஏற்கமாட்டார். கையுறையின்றித் தொடுவதுமில்லை, பழைய ஒயில் நீடித்துத் தோலிற் படுதல் புற்றுநோய்க்கு வழி என்பது லங்காஷயர் பருத்தி ஆலைத் தொழிலாளரின் துன்பத்தால் உலகம் அறிந்த உண்மை. இரண்டு மூன்று கலங்கள் சேர்ந்ததும், கழிவொயில் வாங்குபவருக்குப் பீப்பாய் நிரப்பும் கராஜொன்றிற் கொடுக்கிறேன். அதற்குப் பணம் கேட்பதுமில்லை, கொடுப்பதுமில்லை.

ஆனால் ஒருவர் தம் மனச்சாட்சியால் எவ்வளவு தூரம் நடப்பார்? ஒயில் விற்கும் கடை பழையதைத் திரும்ப ஏற்க வேண்டும் என்று விதிக்கலாம். விற்ற கலம் எத்தனை, வந்த கலம் எத்தனை என்று கேட்கலாம். அதற்கு நாளாகுமெனின், ஒவ்வொரு பிரதேச சபையும் தன் சந்தைக்கருகே ஒரு பீப்பாயை வைக்கலாம். செலவு பெரிதன்று. அதன் கீழே சீமெந்துத் தளமும், சிந்தியதைத் தாங்க ஒரு சாண் உயரக் கட்டும், மாரி மழை புகுந்து நிரம்பி வழியாதபடி மூடியும் கூரையும் வேண்டும். பூட்டுச் சாவியைச் சந்தைக் காவலாளியிடம் விடலாம். சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் திறந்து வைத்தாற் போதும்.