இரண்டாவது விரல்

"அம்மா, ரெண்டாவது விரல் எரியுது." புது க்ளைம்பிங் ஷூவோடு பத்து நிமிஷம்கூட ஏறவில்லை, கீழே உட்கார்ந்து அழுகை. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று சொல்லிவிட்டேன். இன்னமும் உறுத்துகிறது.

அவளுக்கு என் கால். முன்பக்கம் அகலம், குதிகால் ஒடுக்கம், கட்டை விரலைவிட அடுத்தது நீளம். அப்படியிருந்தால் புருஷனை அடக்குவாள் என்பார் பாட்டி. ஷூ கடையில் அந்தப் பெருமை செல்லாது. இந்த ஷூக்கள் பெரும்பாலும் கட்டை விரல் பக்கமாகக் கூர்மையாகும்; நீண்ட இரண்டாவது விரல் மடங்கித்தான் உட்காரணும். "டைட்டாத்தான் இருக்கணும்" என்றதை நம்பி ஒரு சைஸ் குறைத்து வாங்கியது என் தப்பு. வளரும் எலும்புக்கு அந்த நெருக்கம் ஆகாது.

அடுத்த தடவை சாயங்காலம் போனோம், அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். காகிதத்தில் பாதத்தை வரைந்து எடுத்துப்போய், ஷூவின் அடியை அதன்மேல் வைத்துப் பார்த்தோம். பாதி ஷூ அங்கேயே கழிந்துவிட்டது! வளைவில்லாத தட்டையான அடி, இரண்டு வெல்க்ரோ பட்டை, விரல்கள் நேராகப் படுக்கும் இடம்; அதுதான் சரிப்பட்டது. தோல் ஷூ போகப்போக விரியும், சிந்தெடிக் அவ்வளவாக விரியாது. பெரியவர்களுக்கென்றால் புட்டோரா கம்பெனி சில மாடல்களை அகலப் பாதத்துக்கென்றே தனியாகச் செய்கிறது.

ஆக்லாந்து கிராமர் பள்ளியை ஒட்டிய பழைய குவாரிக்கும் தட்டை ஷூதான் தோது. அங்கே எரிமலைப் பாறை வெடிப்புக்குள் காலைத் திணித்து ஏறணும், மடங்கிய விரல் உயிரை எடுத்துவிடும்.

போன சனிக்கிழமை அந்த ஷூவைக் கழற்ற மறந்து அப்படியே காரில் ஏறிவிட்டாள்.