சுவர் நிற்கிறதாம்

சுவர் நின்றது எங்கள் தப்பா? கூரை போன கையோடு அதுவும் சரிந்து எங்கள் ஐந்து பேரையும் அமுக்கியிருந்தால் பேப்பரில் வந்திருக்கும். உயிருக்குப் பத்து லட்சம் என்று அறிவித்தார்களே, அந்தப் பணமும் யாராவது ஒரு பங்காளி கைக்குப் போயிருக்கும். தப்பிப் பிழைத்துவிட்டோம். பிழைத்தவர்களுக்கு அரசாங்கத்தின் நிவாரணப் படிவத்தில் கட்டம் கிடையாது.

எங்களுடையது ஓட்டு வீடு. பேராவூரணிப் பக்கம், தார் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் என் மாமனார் கட்டியது. 2018 நவம்பர் 16 விடிவதற்குள், புயலில் அதில் ஒரு ஓடு மிச்சமில்லை. வடக்கிலிருந்து அடித்த காற்றில் முகட்டு ஓடு முதலில் பிய்த்துக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் ஓய்ந்த மாதிரி இருந்தது. பிறகு தெற்கிலிருந்து திரும்பி அடித்தது பாருங்கள், வரிச்சு, கைமரம் எல்லாம் போச்சு. மாமியாரையும் பிள்ளைகளையும் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே மெத்தையைப் போட்டு, நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தோம். விடிந்ததும் வாசலில் நின்று பார்த்தால், நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து கண்ணில் பட்டிராத அடுத்த ஊர்க் கோயில் கோபுரம் தெரிகிறது. நடுவில் மறைத்து நின்ற தோப்பு முழுக்கத் தரையில் கிடந்தது.

காற்று 120 கிலோமீட்டர் வேகம் என்று வானிலைக்காரர்கள் சொன்னார்கள். எங்கள் ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. 52-ஆம் வருஷப் புயலைப் பார்த்த கிழவர்களே இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்கிறார்கள்.

அன்றைக்குக் காலையில் டிவியில் அரசாங்கத்துக்கு ஒரே பாராட்டாம். எங்களுக்குக் கரண்ட் ஏது, வெளியூர்ச் சொந்தக்காரர்கள் பின்னால் சொன்னது. முன்கூட்டியே முகாம் வைத்தார்கள், ஜனங்களைக் கிளப்பினார்கள், எதிர்க்கட்சித் தலைவரே பாராட்டிவிட்டார் என்று. கடற்கரையோரத்து ஜனத்தை முன்னாடியே கிளப்பியது நல்ல வேலைதான், நான் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் சாவு எண்ணிக்கை குறைவு என்றதும் புயலே லேசானது என்று சென்னையில் முடிவுகட்டிவிட்டார்கள். அதே நேரத்தில் எங்கள் ஊர்ப் பையன்கள் மெயின் ரோட்டுக்கு வழி உண்டாக்க, அரிவாளையும் கைரம்பத்தையும் வைத்துக்கொண்டு மரத்தை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூரில் நிறைமாசக்காரி ஒருத்தி இருந்தாள். அவளுக்காகத்தான் அந்த அவசரம்.

அப்புறம் நாங்கள் இருந்த இருப்பைக் கேளுங்கள். மின்கம்பம் மட்டும் லட்சத்துக்கு மேல் விழுந்துவிட்டது என்றார்கள். வெளி மாவட்டத்திலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்த லைன்மேன்கள் வயல் தண்ணீரில் இடுப்பளவு நின்று கம்பம் நட்டார்கள். அவர்களுக்கு நான் பொங்கிப் போட்ட சோறு எனக்கு இன்றும் நிறைவாக இருக்கிறது. அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர்கள் வந்து சேரும்வரை மெழுகுவத்தி விற்ற விலை என்ன, ஜெனரேட்டர்காரர் செல்போன் சார்ஜுக்கு வாங்கிய காசு என்ன! டேங்கில் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓட வேண்டுமே, அதற்கும் வாடகை ஜெனரேட்டர், வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டோம். தார்ப்பாய் பட்டுக்கோட்டைக் கடைகளில் கிடைக்காமல் எங்கெங்கோ தேடி வாங்கி வந்து, சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, அதற்குள்தான் சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம். புயலுக்குப் பின்னாடி மழை வேறு விட்டபாடில்லை. பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு. நனைந்த புத்தகத்தை அடுப்பு ஓரத்தில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைத்தாள். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், நிலத்துப் பத்திரம் எல்லாவற்றையும் தகரப் பெட்டியோடு தண்ணீரிலிருந்து எடுத்தேன். பத்திரத்தில் மை கரைந்து ஊர்ப் பெயர் மட்டும் படிக்க முடிகிறது.

ஒன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லாமலும் முடியாது. கக்கூசுக்குத் தண்ணீர் இல்லை. தோப்பு இருந்தவரை பெண்பிள்ளைகளுக்கு அதுதான் மறைவு. தோப்பு போனதும் கண்ணுக்கெட்டிய வரை வெட்டவெளி. இருட்டும்வரை அடக்கிக்கொண்டு, இருட்டினால் பாம்புக்குப் பயந்துகொண்டு, மாதவிலக்கானவள் என்ன செய்வாள் என்று நிவாரணம் அறிவித்த எந்த மகராசனுக்காவது தோன்றியதா?

சேதத்தைக் கணக்கெடுக்க அதிகாரிகள் வந்தார்கள். அதுவும் உடனே வரவில்லை. எங்கள் வாசலில் வந்து நின்றவர் வீட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, சுவர் நிக்குதுல்ல?"

"நிக்குது சார். கூரை எங்க சார்?"

"ஓட்டு வீடு குடிசையில வராதும்மா. முழுசா இடிஞ்சு விழுந்திருந்தாலாவது எழுதலாம்."

உள்ளே வந்து பாருங்கள் என்றேன். சேற்றைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார், வரவில்லை. என் மாமியாருக்கு எழுபதைத் தாண்டிய வயசு. அந்தக் கட்டை எழுந்து வந்து கேட்டது: "தம்பி, நீங்க டீ குடிச்சுட்டு வாங்க. அதுக்குள்ள நாங்களே இடிச்சு வெக்கிறோம். அப்பறம் எழுதுவீங்கள்ல?" கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கிழவி சிரிக்கவில்லை.

நவம்பர் 20-ஆம் தேதி முதலமைச்சர் ஹெலிகாப்டரில் வந்தார். மேலேயிருந்து பார்த்தவருக்கு எங்கள் வீட்டில் கூரை இல்லாதது நன்றாகத் தெரிந்திருக்கும். வாசலில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியவில்லை.

முழுக்கச் சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய், பகுதிக்கு 4,100 என்று அறிவித்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் குடிசைமேல் தென்னை மரம் விழுந்தது. விழுந்த மரமே பாதிக் கீற்றைப் பறக்கவிடாமல் அமுக்கிக்கொண்டது. ஆக, பகுதிச் சேதம்! மரத்தடியில் நசுங்கிக் கிடந்த கூரைக்கு அரசாங்கக் கணக்கில் உயிர் இருக்கிறது. 27 பொருள் வைத்த நிவாரணப் பெட்டகம் அவளுக்கு வந்தது, எங்களுக்கு இல்லை. அவளைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்ததே, அதற்கு யார் பதில் சொல்வது? ஒரே அடுப்பில் மாற்றி மாற்றிச் சமைத்தவர்கள் பெட்டகம் வந்த பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை. புயல் செய்யாத வேலையை அந்தப் பெட்டி செய்தது.

வீட்டை விடுங்கள், மரத்துக்கு வருகிறேன். விழுந்த தென்னைக்கு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 என்றார்கள். ஹெக்டேருக்கு 175 மரம் என்று போட்டு 1,92,500 ரூபாய் என்று பேப்பரில் பெரிய எழுத்தில் வந்தது. படிக்கிறவனுக்கு லட்சக்கணக்கில் அள்ளிக் கொடுத்த மாதிரி இருக்கும். ஒரு மரம் வருஷத்துக்கு நூறு காய்க்குக் குறையாது. அன்றைக்குக் காய் பத்து ரூபாய்க்குப் போனாலும் ஆயிரம் ரூபாய். அறுபது வருஷம் காய்க்கிற மரத்துக்கு ஒரு வருஷக் காய்ப்புக்கூடப் பெறாத விலை! கன்று நட்டு, உரம் வைத்து, தண்ணீர் பாய்ச்சி, அது பாளை விட்டுக் காய் பிடிக்க ஆறு ஏழு வருஷம் ஆகும். அதுவரை என்னத்தைத் தின்பது? அப்புறப்படுத்தக் கொடுத்த 500-ஐக் கேட்டு ஜேசிபிக்காரர் சிரித்தார். சூளைக்காரர்களோ, வெட்டி ஏற்றிவிட்டால் சும்மா எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

தென்னைக்கு நாங்கள் ஆசைப்பட்டுப் போனோமா? எங்களுடையது கடைமடை. கல்லணைக் கால்வாய், எங்கள் வாயில் புதாறு, 1934-இல் வந்தபோது எங்கள் முன்னோர்கள் நெல்தான் போட்டார்கள். தலைமடைக்குப் பாய்ந்து மிஞ்சினால்தான் எங்களுக்கு என்று ஆன பிறகு, கடன் வாங்கி போர் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தென்னைக்கு மாறினோம். தண்ணீர் தராத அரசாங்கத்திடம் கையேந்தாமல் பிழைக்க நாங்களே கண்டுபிடித்த வழி அது. அதைத்தான் காற்று கொண்டுபோனது.

அதிலும் விழுந்த மரத்துக்குத்தான் கணக்கு. நின்ற மரங்களில் பாதிக்குக் குருத்து திருகிப்போயிருந்தது. என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக அண்ணாந்து காட்டினார்: "சார், இது தை வரைக்கும் பச்சையாத்தான் நிக்கும், அப்பறம் பட்டுப்போயிரும்." கணக்கெடுக்க வந்தவர், "நிக்கிற மரத்த எப்படிங்க விழுந்ததா எழுதறது?" என்றார். தை பிறந்தது. ஊருக்கெல்லாம் பொங்கலுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள், எங்களுக்கும் வந்தது. அவர் சொன்னபடியே மரங்கள் கொண்டை சாய்ந்தன. அப்புறப்படுத்த வழியில்லாமல் மக்கிக்கொண்டிருந்த கட்டைகளில் காண்டாமிருக வண்டு குடியேறிப் பெருகி, தப்பித்த மரத்தின் குருத்தையும் துளைத்தது. காயம்பட்ட மரத்தில் சிவப்புக் கூன்வண்டு வேறு. இதையெல்லாம் கேட்க மனு கொண்டுபோனால், கணக்கெடுப்பு முடிந்துவிட்டது என்றார்கள். எங்கள் சேதம் முடியவில்லையே, இவர்கள் கணக்கு மட்டும் எப்படி முடியும்?

எழுதிய மரங்களுக்காவது பணம் வந்ததா? பட்டா இன்னும் என் வீட்டுக்காரரின் தாத்தா பெயரில் இருக்கிறது. எங்கள் பக்கம் பாதி நிலம் இப்படித்தான், வாய்மொழியாகப் பாகம் பிரித்துச் சண்டை சச்சரவு இல்லாமல் அனுபவித்து வருவது. தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பங்காளிகள் எல்லார் கையெழுத்தும் வேண்டுமாம். ஒருத்தர் சிங்கப்பூரில் கூலி வேலை, ஒருத்தர் இருக்கிற இடமே தெரியாது. தாத்தா செத்தார் என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். அவர் நட்ட மரம் செத்ததற்கு நான் எத்தனை அத்தாட்சி வேண்டுமானாலும் காட்டுகிறேன், வந்து பாருங்கள்.

நாங்களாவது நிலத்துக்காரர்கள். காய் பறிக்கிறவர், மட்டை உரிக்கிறவர், கீற்று முடைகிற பெண்கள், இவர்களுக்கு விழுவதற்குச் சொந்தமாக ஒரு மரமும் இல்லை. எந்தப் பட்டியலில் வருவார்கள்? கீற்று முடைந்த கைகள் திருப்பூரில் பனியன் பிசிறு வெட்டப் போய்விட்டன. குழந்தைகளைக் கிழவிகளிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மாநில அரசு டெல்லியிடம் கேட்டது ஏறக்குறைய 15,000 கோடி. முதலில் 353 கோடியே 70 லட்சம், டிசம்பர் கடைசி நாளில் 1,146 கோடியே 12 லட்சம். கூட்டிப் பார்த்தால் 1,500 கோடியைக்கூடத் தொடவில்லை. பத்தில் ஒரு பங்கு! ஜனவரி 27-இல் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்ட மதுரை வரைக்கும் வந்த பிரதமர், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம்தானே?

ஆனால் ஒருத்தர் மட்டும் தவறாமல் வந்தார், மகளிர் குழுக் கடன் வசூலுக்கு வருகிறவர். ரோடு சரியாகுமுன்னே பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து, எங்கள் வாசலில் கிடந்த மரத்தின்மேல் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். "என்னக்கா பண்றது, எனக்கு மேலே ஆள் இருக்காங்க" என்றார். அவர் பிழைப்பு அவருக்கு. என் தோட்டைக் கழற்றி அடகு வைத்து அந்தத் தவணையைக் கட்டினேன். இரண்டு வீடு தள்ளி ஒருவருக்கு வந்த நிவாரணப் பணத்தை வங்கியே பழைய கடனுக்கு எடுத்துக்கொண்டது. பாஸ்புக்கில் வரவும் பற்றும் ஒரே நாளில்.

2019 ஏப்ரல் 18-இல் தேர்தல் வந்தது. உள்ளே தள்ளியிருக்கிற எங்கள் ஊருக்கு அப்போது எல்லாக் கட்சி வண்டிக்கும் வழி தெரிந்தது. ஒருநாள் வந்த கட்சிக்காரப் பையன் வெயிலில் நின்றுகொண்டு, "அக்கா, வீட்டுல எத்தனை ஓட்டு?" என்று நோட்டும் பேனாவுமாகக் கேட்டான். தார்ப்பாய்க்குள்ளிருந்து மாமியார், "எத்தனை ஓடு பறந்துச்சுன்னு அன்னைக்கு எவனும் கேக்கல தம்பி" என்றார். அவனுக்குப் புரியவில்லை. மூன்று என்றேன். எழுதிக்கொண்டான். பெரியவளுக்குப் பதினெட்டு ஆகிவிட்டதா, பெயர் சேர்த்தாயிற்றா என்றுகூட அக்கறையாக விசாரித்தான். என்ன துல்லியம்! இந்தத் துல்லியம் டிசம்பரில் எங்கே போயிருந்தது? நோட்டை வாங்கி, பட்டுப்போன மரம் எத்தனை, போன ஓடு எத்தனை, அடகுக்கடையில் இருக்கிற தோடு எத்தனை பவுன் என்று நானே கீழே எழுதிக் கொடுத்தேன். உங்கள் வேட்பாளர் இதற்குப் பதிலோடு வரட்டும், அப்புறம் அந்த மூன்றைப் பற்றிப் பேசலாம் என்று அனுப்பினேன். அந்தத் தாளை அவன் கிழித்துப் போட்டிருப்பான், தெரியும். அடுத்த வண்டி வந்தாலும் எழுதித்தான் கொடுப்பேன்.