கால்வாயில் விடலாமா?

வெள்ளவத்தையில் எமது அயல் வீட்டுச் சிறுவன் ஒருவன் மீன் வளர்ப்பதில் பேரார்வம் கொண்டவன். சென்ற மாதம் அவன் வாடிய முகத்துடன் எம்மிடம் வந்தான். விரல் நீளத்தில் வாங்கிய மீனொன்று முக்கால் முழத்துக்கு வளர்ந்து, தொட்டியில் திரும்பவும் இடமின்றித் தவிக்கிறதாம். கடைக்காரர் ‘டாங்க் கிளீனர்’ என்று சொல்லிக் கொடுத்த மீன் அது.

“கால்வாயில கொண்டுபோய் விடப்போறன், மாமா. பாவம், அதுவும் சந்தோஷமாய்ச் சீவிக்கட்டும்” என்றான்.

அவனது இரக்கத்தை மெச்சினோம். முடிவை மெச்ச இயலவில்லை. “கொஞ்சம் பொறு, தம்பி. முதலில் தெஹிவளைக்குப் போய் வருவோம்” என்றோம்.

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை 1936ஆம் ஆண்டு அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தது. யானையையும் புலியையும் காண வருவோரிற் பலர் மீன் காட்சிச்சாலையை ஐந்து நிமிடத்திற் கடந்துவிடுவர். மீன் பித்துக் கொண்டோரோ அங்கிருந்து நகரமாட்டார்கள். நாமும் அந்த இனமே! 1853ஆம் ஆண்டு லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் முதலாவது பொது மீன் காட்சிச்சாலை திறக்கப்படும்வரை, பெரும்பாலான மனிதர் மீனைக் கண்டது நீருக்கு மேலிருந்து குனிந்து, அல்லது கறிச்சட்டியில். மீனை முகத்துக்கு முகம் நோக்கும் பேறு கண்ணாடித் தொட்டியால் வாய்த்தது.

சிறுவன் அயல்நாட்டு மீன்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்புவித்தான். “எமது நாட்டு நீரோடைகளில் மாத்திரம் வாழும் மீன் ஒன்றின் பெயரைச் சொல், பார்ப்போம்” என்றோம். விழித்தான்.

களனி கங்கை தொடக்கம் நில்வளா கங்கை வரை, காட்டு நிழலில் ஓடும் ஓடைகளில் ஒரு சிறு மீன் உண்டு. இரண்டரை அங்குலத்துக்கு மேல் வளராது. இனம் பெருக்கும் காலத்தில் ஆண் மீனின் முன்னுடல் செக்கச் சிவக்கும், பின்னுடல் கறுக்கும். சிங்கள மக்கள் அதனைப் ‘புலத் ஹப்பயா’, அதாவது வெற்றிலை மெல்பவன் என்று அழைக்கின்றனர். 1991ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் விவரித்த ‘பந்துல’ என்னும் மீனோ, அப்போது கேகாலை மாவட்டத்துக் கலபிட்டமடப் பகுதியில் ஒரேயொரு சிற்றோடையில் மாத்திரமே வாழக் காணப்பட்டது. அந்த ஓடை கெட்டால் உலகில் வேறு புகலிடம் ஏது?

நிற்க, சிறுவனுடைய மீனின் கதைக்கு வருவோம். அதன் தாயகம் தென் அமெரிக்கா. ஒன்றரை அடி வரை வளரும். உடலெங்கும் எலும்புத் தகடுகள் கவசமாகும். நீர் அழுக்கானால் மேலே வந்து காற்றை விழுங்கி, வயிற்றினாலேயே சுவாசிக்கும். கரையைத் துளைத்து வளை தோண்டி முட்டையிடும். இலங்கை நீர்நிலைகளில் இது ஏற்கெனவே குடியேறிவிட்டது. அலங்காரத்துக்காகக் கொண்டுவரப்பட்ட கத்தி மீனும் அவ்வாறே வெளியேறிச் சிறு மீன்களை விழுங்கி வாழ்கிறது.

“நான் விடுறது ஒரே ஒரு மீன்தானே, மாமா?” என்று வினவினான்.

“விட்டவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், தம்பி” என்றோம். வீடு திரும்பும்வரை அவன் பேசவில்லை.

அம்மீன் இப்பொழுது கொட்டாஞ்சேனையில் எமது நண்பர் ஒருவரின் பெரிய தொட்டியில் நலமாயிருக்கிறது. சிறுவன் சனிக்கிழமைகளில் பஸ் ஏறிச் சென்று பார்த்து வருகிறான்.

பெற்றோரே, பிள்ளைகள் மீன் கேட்டால் மறுக்கவேண்டாம். ஆனால் பணத்தைக் கொடுக்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள்: இது எவ்வளவு பெரிதாய் வளரும்? இதன் சொந்த நாடு எது? வளர்க்க இயலாது போனால், பெரிய தொட்டி உள்ளவரைத் தேடிக் கொடுங்கள். கால்வாய் வேண்டாம். அங்கே நாம் விடும் இரக்கம், வேறோர் உயிருக்குப் பசியாகப் போய்ச் சேரும்.