கல்லான சங்கும் கல்லாத கூட்டமும்

தமிழிற் பாட்டெழுதலாம், கதையெழுதலாம். ஒரு நத்தையோட்டைக்கூட அறிவியல் முறையில் விரித்துரைக்க இயலாது என்று நெஞ்சறியப் பொய் கூறுவார் இன்னும் உளர். ஆங்கிலத்தில் நான்கு வரி கற்றவுடன் தாய்மொழியை அடுக்களைக்கு அனுப்பிவிட்ட கூட்டம் அது. அவர்க்கு மறுமொழி கூற வேறெங்கும் செல்ல வேண்டா. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து ஓடைக்கரைகளிற் கல்லாகிக் கிடக்கும் கடல்நந்துகளே போதும்.

இன்று அலையோசை எட்டாத அந்நிலம், ஏறத்தாழ 11 கோடி ஆண்டு முன்பிருந்து 6 கோடியே 60 இலக்கம் ஆண்டு முன்புவரை, பலகாலும் கடல் புகுந்து மீண்ட நிலம். அக்கடல் விட்டுச் சென்ற பாறையடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் ஊர்ப்பெயர்களாலேயே உலகம் அறியும். கருடமங்கலத்துச் சிப்பிக்கல்லை மெருகிட்டுப் பார்ப்பின் நந்துகளும் இரட்டையோட்டுச் சிப்பிகளும் தோளோடு தோள் நெருங்கிக் கிடப்பது தெரியும்.

கேய், கன்லிப்பு என்னும் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய தொல்லெச்சங்களை எட்வர்டு போர்பசு ஆய்ந்து 1846-இல் இலண்டனில் வெளியிட்டார். மொராவியாவிற் பிறந்த பெர்டினாண்டு சுடோலிச்கா 1862-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையிற் சேர்ந்து, தென்னாட்டு நந்தோடுகளுக்கென்றே தனியொரு பெருந்தொகுதியை 1867-68-இல் வெளிக்கொணர்ந்தார். 1874-இல், 36 அகவையில், இலடாக்குப் பனிமலையில் உயிர்நீத்த அவர்தம் உழைப்பு வணங்கத்தக்கது. ஆங்கிலம் அவர்க்கும் தாய்மொழியன்று; ஊதியம் அளித்த ஆட்சியின் மொழியில் எழுதினார். அவரைக் குறைகூறுதற்கு ஒன்றுமில்லை. அவர்க்குப்பின் நூற்றைம்பது ஆண்டு கழிந்தும், தம் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் ஓட்டை அயன்மொழியிற் பேசினாலன்றி மதிப்பில்லை என்றெண்ணும் மண்ணின் மக்களே குறைகூறத் தக்கவர்.

பெயரிட்ட திறத்தையும் பார்த்தல் வேண்டும். புதுச்சேரிப் பக்கத்துப் பாறையினின்று எடுத்த அம்மோனைட்டு என்னும் சுருளோட்டு உயிரிகளுக்குப் (இவை நந்தல்ல, கணவாய்க்கு உறவு) போர்பசு இட்ட பெயர்களுள் இந்திரனும் வருணனும் பிரமனும் உளர்! இம்மண்ணை மிதித்தறியாத அவர்க்கு இந்நாடு என்றவுடன் அப்பெயர்களே நினைவில் எழுந்தன போலும். அவற்றை மாற்றக் கோருவது வீண். முறைப்படி முதலில் வெளியான பெயர்க்கே முன்னுரிமை என்பது உலகோர் ஒப்பிய நெறி. இனப்பெயரைத் தமிழாக்க முனையும் ஆர்வலரும் இதனை உணர்தல் நன்று. அப்பெயர் உலகத்தார் அனைவர்க்கும் பொது. ஆயின் பெயர்க்கு அடியில் எழுதப்படும் விளக்கவுரை பொதுவன்று. அஃது ஏதேனும் ஒரு மொழியில் எழுதப்படுவதே. வழக்கு அங்கேதான் உளது.

ஓர் ஓடு புதிய இனத்தது என்று நிறுவுதல் எளிய செயலன்று. ஊன் அழிந்தது, நிறம் பெரும்பாலும் அழிந்தது, எஞ்சியது ஓடே. நந்தோட்டின் சுண்ணம் பெரும்பாலும் எளிதிற் கரையும் வகையினது ஆதலின், பலவிடத்து ஓடும் கரைந்துபோய், உள்ளே இறுகிய சேறு மட்டும் உள்வார்ப்பாக நிற்கும். மேல்வரிகள் விளங்காத அவ்வார்ப்பை மட்டும் நம்பிப் புதுப்பெயரிடுவது மணலில் எழுப்பிய சுவர்.

நல்ல ஓடு கிடைப்பின் முதற்கண் அதன் முனையை நோக்குவர். குஞ்சு தன் முதற்பருவத்திற் கட்டிய கருவோடு அங்குள்ளது. அது சிறுத்துப் பல சுற்றுடையதாயின், குஞ்சு கடலில் மிதந்து இரையுண்டு வளர்ந்தது என்றும், பருத்து ஓரிரு சுற்றே உடையதாயின் அங்ஙனம் வளராதது என்றும் பெரும்பாலும் கொள்வர். கோடி ஆண்டுக்கு முன் மடிந்த ஒரு குஞ்சின் பிள்ளைப்பருவம், கடுகளவு முனையில் எழுதி வைக்கப்பட்டுள்ளது!

அதன்பின் சுற்றுகள் எத்தனை, சுற்றும் சுற்றும் பொருந்தும் பொருத்துவரி ஆழ்ந்ததா, மேலோடியதா, தோள் சரிந்ததா, படிபோல் நின்றதா, நெடுக்கே இறங்கும் விலாவரி எத்தனை, சுற்றோடு ஓடும் இழைவரி எத்தனை, இரண்டும் வெட்டுமிடத்து முடிச்சு உண்டா, வெளியுதடு தடித்ததா, நடுத்தண்டில் மடிப்பு உண்டா, நீர்க்கால் நீண்டதா, கொப்பூழ் திறந்ததா, மூடியதா என்று ஒவ்வொன்றாகக் குறிப்பர். இவற்றுள் எச்சொல் தமிழன்று? மேலையாரும் தம் உடம்பைப் பார்த்தே ஓட்டுக்குப் பெயரிட்டனர். அவர்தம் நூல்களிலும் உதடு உண்டு, தோள் உண்டு. மிடுக்காக ஒலிக்கும் அந்த இலத்தீன் கலைச்சொல்லைத் தோலுரித்தால் உள்ளே இருப்பதும் கொப்பூழே.

ஓரினத்துள்ளேயே இளையதும் முதியதும் வேறுபடும். வாழிடத்தால் வேறுபடுவதும் உண்டு. ஆதலின் ஓர் ஓட்டைக் கண்டவுடன் துள்ளாமல், கிடைத்தவற்றையெல்லாம் உயரமும் அகலமும் அளந்து, சுடோலிச்காவின் படங்களோடும் பிறநாட்டு ஓடுகளோடும் ஒப்பிட்டு, இன்னதினின்று இன்னின்னவற்றால் இது வேறு என்று உரைத்தல் வேண்டும். இவ்வேறுபாட்டுரையே புதுப்பெயர்க்கு உயிர்நிலை.

எளிய எடுத்துக்காட்டாக, கடற்கரையில் ஊதும் சங்கையே கொள்க. தமிழன் சங்கு என்றும் வளை என்றும் கோடு என்றும் அழைத்த அதனைக் கண்டு, சுவீடன் நாட்டு இலின்னேயசு 1767-இல் பேரிக்காய் என்று பெயரிட்டார், அது கிடக்க. அதன் விளக்கவுரை வருமாறு: ஓடு தடித்துக் கனத்தது, கடைச்சுற்றே ஓட்டின் பெரும்பகுதி, நடுத்தண்டில் குறுக்கு மடிப்புகள் உள, நீர்க்கால் நீண்டது, வாய் வலத்தது. மழலையும் அறியும் சொற்கள் இவை. எங்கே முட்டியது தமிழ்?

முட்டும் இடம் ஒன்று உண்டு. அது தமிழின் குறையன்று, தமிழறியாதார் குறை. அறிவியலார் ஓட்டை முனை மேலாகவும் வாய் தம்மை நோக்கியதாகவும் வைத்துப் பார்ப்பர். வாய் வலப்பக்கம் அமையின் அதனை 'வலம்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லாற் குறிப்பர். நந்துகளுள் மிகப்பெரும்பாலன இவ்வகையினவே. கடற்கரைச் சந்தையிற் குவியும் பொதுவான சங்கும் இவ்வகையதே. அதனைத் தமிழ்மரபு அழைப்பது இடம்புரி என்று! ஆயிரத்தில் ஒன்றாகக் கூடக் கிட்டாது, கோவிலிற் போற்றப்படும் வலம்புரியோ, அறிவியலார் பார்வையில் இடப்பக்கம் வாயுடையது. மரபுவழியில் முனை கீழாகவும் நீர்க்கால் மேலாகவும் பிடித்துப் பார்ப்பின் அதே வாய் வலப்பக்கம் தோன்றும். இருவரும் பொய் கூறவில்லை. பிடித்த பிடி வேறு.

இஃதறியாது, அகரமுதலியை மட்டும் புரட்டி, இலத்தீன் வலத்துக்கு வலம்புரி என்று எழுதுபவன் செய்வது என்ன? அரியலூர் மண்ணின் எளிய நந்துகளையெல்லாம் ஒரே வரியில் கிடைத்தற்கரிய வலம்புரிகளாக்கி விடுகிறான். படிக்கும் மாணவன் ஓட்டைத் தலைகீழாகக் காண்பான். சொல்லுக்குச் சொல் மாற்றிவைத்துத் தமிழ்த்தொண்டு முடிந்தது என்று கைகழுவும் தனித்தமிழ் அன்பரும் இக்குழியில் வீழக்கூடும். முனை மேல்நிற்ப வாய் வலத்ததாயின் வலவாய், இடத்ததாயின் இடவாய் என்று வழங்கினால் மரபுப் பெயரும் பிழைக்கும், அறிவியலும் பிழைக்கும். சங்கையும் தமிழையும் ஒருங்கே அறிந்தவனுக்கே இது தோன்றும்.

இனி, தமிழில் எழுதினால் உலகம் ஏற்காது என்பார்க்கு ஒரு செய்தி. உலகம் முழுதும் பின்பற்றும் அனைத்துலக விலங்குப் பெயரீட்டு நெறிமுறையின் நான்காம் பதிப்பு 1999-இல் வெளிவந்து, 2000 சனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. புதிய இனத்தின் வேறுபாட்டுரையை உலகில் பரவலாக வழங்கும் மொழிகளில் வெளியிடுக என்று பரிந்துரைக்கும் அந்நூல், அதே இடத்தில், அவ்வுயிர்க்குரிய வட்டாரத்தில் வழங்கும் மொழிகளிலும் தருக என்கிறது. இனப்பெயரையோ எம்மொழியினின்றும் எடுக்கலாம். இலத்தீன் எழுத்தில் எழுதப்பட்டுச் சொல்லாக ஒலித்தாற் போதும். தொல்காப்பியர் ஈரறிவுயிராக வகுத்த நந்தும் முரளும் நாளை ஒரு கல்லோட்டின் பெயராவதற்கு எந்நெறியும் குறுக்கே நிற்கவில்லை. அயலார் எழுதிய நெறிநூல் தமிழுக்கு இருக்கை இட்டு வைத்திருக்கிறது. தமிழ் கற்றவன் அதில் அமர நாணுகிறான்!

யார் படிப்பார் என்று கேட்பர். அரியலூர்ப் பகுதியில் சுண்ணக்கல் நாள்தோறும் வெட்டப்பட்டு அரைபட்டுச் சிமிட்டியாகிறது. கல்லோடு கலந்த ஓட்டை முதலிற் காண்பவன் அங்கு வேலைசெய்யும் தொழிலாளி. அடுத்துக் காண்பவன் ஆடு மேய்க்கும் சிறுவன். அதற்கடுத்து, ஊர்ப்பள்ளி மாணவன். கண்டெடுத்தது எளிய சங்கா, இதுவரை எவரும் பெயரிடாத ஒன்றா என்று அவர்கள் அறிய ஒரு வரியேனும் அவர்கள் மொழியில் உண்டா? 1999-க்குப் பின் வெளியாகும் ஒவ்வொரு புதிய இனத்துக்கும் அடிப்படையான வகைப்படிவம் இன்னது என்றும், அஃது எக்காட்சியகத்தில் வைக்கப்படும் என்றும் வெளிப்படையாகக் கூறல் வேண்டும் என்பது நெறி. எடுத்துக் கொடுக்கும் கை இருந்தாலன்றோ வைப்பதற்குப் படிவம் இருக்கும்? அறியாக் கையினின்று அது நேரே அரைவைக்குச் செல்கிறது.

கேட்பது பெரிதன்று. தமிழ்நாட்டுக் கல்லோட்டுக்கு இனிப் புதுப்பெயரிடும் ஆய்வாளர் எவராயினும், தம் கட்டுரை ஆங்கிலத்திலேயே அமையினும், வேறுபாட்டுரையை மட்டும் தமிழிலும் அச்சிடுக. அரைப்பக்கம் போதும்.