இவன் அவனாவானா?

சென்ற தவணையின் மாலைப் பொழுதொன்றில் கூடைப்பந்தாட்டத் திடலின் வேலியோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். துறைமுகப் பக்கமிருந்து இனிய காற்று வீசிக்கொண்டிருந்தது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், அணியின் முன்கள வீரன், பந்தைத் தட்டிச் சென்று, இருவரிடையே புகுந்து எழும்பிக் கூடையில் இட்டான். என்னருகே நின்ற பழைய மாணவர் ஒருவர், "அவனேதான்! அந்த நாளில் எங்களோடு ஆடினானே, அச்சொட்டாக அவனேதான்!" என்று பூரித்தார். இரண்டு கிழமை கழிந்தது. போட்டியொன்றில் அதே மாணவன் அடுத்தடுத்து மூன்று எறிகளைத் தவறவிட்டான். அதே பெரியவர், அதே வேலியோரத்தில், "அவன் எங்கே, இவன் எங்கே!" என்று தலையிலடித்துக்கொண்டார். இரு கூற்றுகளும் அம்மாணவன் செவியில் விழுந்தன. அதன்பின் மூன்று நாள் அவன் திடலுக்கு வரவில்லை.

பந்தாட்டத்தில் யான் வல்லுநனல்லேன். வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவன். ஆயினும், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு விளக்குதல் தமிழாசிரியனின் அன்றாடத் தொழில். ஆதலின் இவ்வொப்பீட்டைப் பற்றிச் சில சொல்ல எனக்கும் உரிமையுண்டு என்று கருதுகின்றேன்.

தொல்காப்பியர் உவமைக்கென்றே ஓர் இயல் வகுத்தார். வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடியாக உவமை பிறக்கும் என்பது அவர் கொள்கை. செயலால் ஒத்தல், விளையும் நன்மையால் ஒத்தல், வடிவால் ஒத்தல், நிறத்தால் ஒத்தல் என இவற்றை விளக்குவர். உவமையாக எடுக்கப்படுவது உயர்ந்ததாயிருத்தல் வேண்டும் என்பதும் அவர் விதி. இவ்விதியை வேலியோரத்திற்குக் கொண்டுவந்து பாருங்கள். பழைய வீரனை உவமையாகவும் இளைஞனைப் பொருளாகவும் வைத்த அக்கணமே, இளைஞன் தாழ்ந்து நிற்கவேண்டியவனாகின்றான். எத்துணை நன்றாக ஆடினும் அவன் உவமையை எட்டான். முகத்தை மதியோடு ஒப்பிட்ட புலவன், "முகமே, நீ ஏன் வானில் ஏறவில்லை?" என்று கேட்பதில்லை. முகத்தின் அழகை விளக்கவே அவன் மதியை அழைத்தான். நம்மவரோ, நினைவிலுள்ள மதியைப் புகழ்வதற்காக எதிரிலுள்ள முகத்தை அழைக்கின்றனர்.

நிற்க. ஒப்பிடுவதற்கு ஆட்டமேனும் ஒன்றாயிருக்கின்றதா? 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பழக்கூடைகளை 10 அடி உயரத்தில் மாட்டி இவ்வாட்டத்தைத் தொடக்கினார். அவ்வுயரம் இன்றும் மாறவில்லை. மற்றவை பல மாறிவிட்டன. தொலைவிலிருந்து எறிந்து பெறும் மூன்று புள்ளி, அனைத்துலக விதிகளில் 1984இலேதான் புகுந்தது. அதற்கு முன் ஆடியவன் எத்துணைத் தூரத்திலிருந்து எறிந்தாலும் இரண்டு புள்ளியே பெற்றான். பந்தைக் கைக்கொண்ட அணி கூடையை நோக்கி எறிதற்குரிய காலம் 2000ஆம் ஆண்டில் 30 விநாடியிலிருந்து 24 விநாடியாகக் குறைந்தது. ஆகவே, அக்காலத்தவன் பெற்ற 20 புள்ளியும் இக்காலத்தவன் பெறும் 20 புள்ளியும் ஒரே நாணயமல்ல.

அளவுகோல் கொண்டு அளக்கத்தக்க விளையாட்டிலும் இவ்விடர்ப்பாடு உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இந்நாட்டுக்கு அவ்விழாவின் முதற் பொற்பதக்கத்தை ஈட்டித் தந்தார். 2021இல் உஷான் திவங்க, அமெரிக்காவில் பல்கலைக்கழக மாணவராயிருக்கையில், 2.30 மீற்றர் பாய்ந்தார். வேறுபாடு 27 சென்ரிமீற்றர். ஆனால், 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் டிக் பொஸ்பரி முதுகுப்புறமாகப் பாய்ந்து பொன் வென்ற பின்னரே அம்முறை உலகெங்கும் பரவிற்று. தடித்த மெத்தை இல்லாதவிடத்து அதனை முயல்வது கழுத்துக்கே கேடு. எதிர்வீரசிங்கம் பாய்ந்த காலம் வேறு. 27 சென்ரிமீற்றரைக் கொண்டு அவரைச் சிறியராக்குதல் பேதைமை. அவர் பொன்னைக் கொண்டு இவரைச் சிறியராக்குதலும் பேதைமையே.

இத்தகைய ஒப்பீடு ஓர் இளைஞனை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்திலேயே சான்றுண்டு. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆடிய ஹரோல்ட் மைனர் என்பவரை மக்கள் மைக்கேல் ஜோர்டானோடு ஒப்பிட்டு, "குழந்தை ஜோர்டான்" என்றே அழைத்தனர். அவர் 1992இல் தொழின்முறை அணியிற் சேர்ந்தார். எழும்பிப் பந்தைக் கூடைக்குள் அழுத்தும் போட்டியில் 1993இலும் 1995இலும் வாகை சூடினார். ஆயினும் நான்கே பருவங்களில், 1996இல், அவரது தொழின்முறை ஆட்டம் முடிந்துவிட்டது. முழங்காற் காயமும் அவரை வருத்தியது என்பது உண்மை. எனினும், ஹரோல்ட் மைனர் என்ற பெயரால் அறியப்படும் வாய்ப்பை உலகம் அவருக்கு அளிக்கவேயில்லை.

அங்ஙனமாயின் பழைய வீரரை மறந்துவிடுவதா எனின், அன்று. அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்திலிருந்து 1948இல் இங்கு வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார், திருக்கோணமலையிலும் மட்டக்களப்பிலும் பணிபுரிந்து, மாணவரைக் கூடைப்பந்தில் பயிற்றினார். 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்ட அவரும், உடன் சென்ற இளைஞரும் காணாமற் போயினர். ஆசான் மறைந்தும் ஆட்டம் மறையவில்லை. மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் பயின்ற திமோத்தி நிதுஷன் பின்னாளில் நாட்டின் அணிக்கே தலைவரானார். நினைவுகூர்தற்குரிய முறை இதுவே. வடிவாலும் நிறத்தாலும் ஒப்பிட்டு "இவன் அவனாவானா?" என்று வினவுதல் வேடிக்கை பார்ப்பவர் தொழில். வினையாலும் பயனாலும் ஒப்பிட்டு, "அவன் இதனை இவ்வாறு செய்தான், நீயும் செய்து பார்" என்று கற்பித்தலே மூத்தோர் கடன்.

ஆதலின் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். திடலுக்கு வாருங்கள், ஆனால், வேலிக்கு இப்பால் நின்றுவிடாதீர்கள். கிழமைக்கு ஒரு மணிநேரம் கோட்டுக்குள் இறங்குங்கள். உங்கள் நினைவில் உள்ள வீரன் இடக்கையால் பந்து தட்டக் கற்றது எப்படி, தோற்ற நாளில் அவன் நடந்துகொண்டது எப்படி என்று சொல்லுங்கள். இளைஞனுக்கு அது சுமையாகாது, துணையாகும்.

நான்காம் நாள் அம்மாணவன் மீண்டும் வந்தான். அன்று அப்பெரியவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் திடலுக்குள் இறங்கினார். ஒரு காலை ஊன்றி மறு காலைத் திருப்பும் நுட்பத்தை, மூச்சு வாங்க, இருமுறை செய்து காட்டினார். மாணவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்:

"ஐயா, அவர் எறிந்ததும் தவறுவதுண்டா?"

பெரியவர் சிரித்துவிட்டார். "உண்டு தம்பி, நிறைய உண்டு. அதை மட்டும் நாங்கள் ஒருவருக்கும் சொல்லுவதில்லை" என்றார்.

மாணவன் பந்தை எடுத்துக்கொண்டு கூடையை நோக்கிச் சென்றான்.