பந்தும் பங்கும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம். மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தால், பக்கத்து அறையிலிருந்து தமிழில் கிரிக்கெட் வர்ணனை கேட்கிறது. இன்றைக்கு எந்த மேட்சும் இல்லையே என்று எழுந்து போய்ப் பார்த்தேன். என் பையன் போனில் வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப் ஆடிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டான்.

"அப்பா, ஒரு கேம் கம்பெனி ஷேர் மார்க்கெட்டுக்குப் போயிட்டா அந்த கேம் கெட்டுப் போயிடுமா? ஸ்கூல்ல ஒரு பையன் சொன்னான்."

தூக்கம் போயே போச்சு. பொட்டி தட்டிப் பிழைக்கிற அப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி.

முதலில் எனக்கு இதில் என்ன அக்கறை என்று சொல்லிவிடுகிறேன். பையனுக்குப் பன்னிரண்டு வயது. பிறந்ததும் வளர்ந்ததும் பெங்களூரில். பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. தமிழ் வீட்டுக்குள் மட்டும்தான், அதுவும் "அம்மா, டின்னர் ரெடியா?" வகைத் தமிழ். கோவில்பட்டியில் இருக்கும் என் அக்கா பையனும் இதே விளையாட்டின் பைத்தியம். ராத்திரி எட்டரை மணிக்கு இரண்டு பேரும் போனில் ஸ்கோர் சொல்லிச் சண்டை போடுவார்கள். "மாமா, இவன் அளந்து விடுறான், நம்பாதீங்க" என்று என்னிடம் பஞ்சாயத்து வரும். அந்த அரை மணி நேரம் என் பையன் பேசுவது முழுத் தமிழ். நானும் தங்கமணியும் தலைகீழாக நின்றும் வராத தமிழ், ஒரு ஓசி விளையாட்டால் வருகிறது :-)

இனி விஷயத்துக்கு வருவோம்.

இந்த விளையாட்டைச் செய்தது நம்ம சென்னைக் கம்பெனி, நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா. இரண்டாம் பாகம் 2015-லும் மூன்றாம் பாகம் 2020-லும் வந்தன. உலகச் சந்தையில் துப்பாக்கிச் சண்டைக்கும் கால்பந்துக்கும் கோடிக்கணக்கில் கொட்டுவார்கள். போனில் ஆடும் கிரிக்கெட் அங்கே ஒரு மூலைக்கடைச் சரக்கு. அந்த மூலையில் உட்கார்ந்து நம்ம ஊர்க்காரர்கள் சாதித்தார்கள். பிறகு மும்பையின் நசாரா டெக்னாலஜீஸ் இதில் பெரும்பங்கை வாங்கியது. அந்த நசாரா 2021 மார்ச்சில் பங்குச் சந்தைக்கு வந்தது.

அந்த வெளியீடு பலருக்கு நினைவிருக்கும். ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் எல்லாம் டீமேட் கணக்கு தொடங்கிய காலம். ஒரு பங்கு 1,101 ரூபாய், 13 பங்கு ஒரு லாட். மொத்தம் சுமார் 583 கோடி ரூபாய் வெளியீட்டுக்கு 175 மடங்கு விண்ணப்பங்கள். மார்ச் 30 அன்று தேசியப் பங்குச் சந்தையில் 1,990 ரூபாயில் தொடங்கியது. ராகேஷ் ஜுன்ஜுன்வாலா பணம் போட்ட கம்பெனி என்பதால் கூடுதல் மவுசு.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த 583 கோடியில் ஒரு பைசாகூடக் கம்பெனிக்குப் போகவில்லை. அது முழுக்க முழுக்க ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்கள் தங்கள் பங்கை விற்ற வெளியீடு. தப்பில்லை, சட்டப்படி சரிதான். ஆனால் "கம்பெனிக்குப் பணம் வந்துடுச்சு, இனிமே கேம் சூப்பரா வரும்" என்று நினைத்த ரசிகனுக்கு அதில் எதுவும் இல்லை.

அடுத்தது, கம்பெனியின் வருமானம் எங்கிருந்து வந்தது என்பது. அமெரிக்கக் குழந்தைகளுக்கான சந்தா செயலி கிடோபியா ஒரு பெரிய பங்கு. நாட்வின் நடத்தும் இ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளும், நம்ம பெங்களூரிலிருந்து நடக்கும் ஸ்போர்ட்ஸ்கீடாவும் இன்னொரு பெரிய பங்கு. கோடிக்கணக்கான பேர் இறக்கிக்கொண்ட கிரிக்கெட் விளையாட்டு வருமானத்தில் சின்னத் துண்டுதான். ஏனென்றால் ஆடுகிற நாம் காசு கொடுப்பதில்லை.

ரசிகனின் கவலையை நான் இங்கிருந்துதான் பார்க்கிறேன். பட்டியலிட்ட கம்பெனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். அங்கே பேச்செல்லாம் பெரிய துண்டுகளைப் பற்றித்தான். சின்னத் துண்டு வாயைத் திறக்காமல் ஓரமாக நிற்கும். செலவைக் குறை என்று ஒரு நாள் உத்தரவு வந்தால் முதலில் எதில் கை வைப்பார்கள்? தமிழ் வர்ணனை மாதிரியான விஷயங்களில்தான். அது இல்லாவிட்டாலும் விளையாட்டு ஓடும். என் வீட்டில்தான் ஓடாது.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. ஜிங்காவை நினைவிருக்கிறதா? ஃபார்ம்வில்லில் கத்திரிக்காய் அறுக்க அலாரம் வைத்து எழுந்தவர்கள் கையைத் தூக்குங்கள். நானும் தூக்குகிறேன். 2010-ல் அவர்கள் பெங்களூரில் அலுவலகம் திறந்தபோது எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை. 2011 டிசம்பரில் 10 டாலருக்குப் பங்கு வெளியிட்டார்கள். ஒரே வருடத்தில் அது 3 டாலருக்கும் கீழே போனது. 2012 கடைசியில் செலவைக் குறைக்கப் பல விளையாட்டுகளை மூடினார்கள். பெட்வில் அதில் ஒன்று. காசு கொடுத்துத் தன் செல்லப் பிராணிக்குச் சட்டையும் கட்டிலும் வாங்கியவர்களுக்கு எல்லாம் போச்சு.

மறுபக்கமும் உண்டு. ஸ்வீடனின் பாரடாக்ஸ், வரைபடத்தை வைத்து மணிக்கணக்கில் ராஜ்ஜியம் ஆளும் விளையாட்டுகளுக்குப் பேர்போன கம்பெனி. 2016-ல் பங்குச் சந்தைக்குப் போனது. இனி எல்லாவற்றுக்கும் காசு கேட்பார்கள் என்று ரசிகர்கள் பயந்தார்கள். 2017-ல் பல நாடுகளில் விலையை ஏற்றியபோது பயந்தது நடந்துவிட்டது என்றே நினைத்தார்கள். கடும் எதிர்ப்புக் கிளம்பியது, கம்பெனி விலையேற்றத்தைத் திரும்பப் பெற்றது. 2024-ல் லைஃப் பை யூ என்ற விளையாட்டை வெளியிடாமலே கைவிட்டார்கள். ஆனால் கொண்டாடப்பட்ட க்ரூசேடர் கிங்ஸ் 3-ஐ 2020-ல் தந்ததும் அதே பட்டியலிட்ட கம்பெனிதான். ஆக, சந்தைக்குப் போனாலே சாவு என்பது பொய்.

பாரடாக்ஸ் ஏன் இறங்கி வந்தது, ஜிங்கா ஏன் மூடியது? என் கணக்கு இதுதான். பாரடாக்ஸ் ரசிகர்கள் முழு விலை கொடுத்து வாங்குகிறவர்கள். அவர்கள் முறைத்துக்கொண்டால் அடுத்த காலாண்டுக் கணக்கில் தெரியும். ஜிங்காவில் பெரும்பாலோர் ஓசியில் ஆடியவர்கள். ஓசியில் ஆடுகிறவன் கோபித்துக்கொண்டு போனால் எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

எனக்கு விளம்பரத்தைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. வேகமாக வளர வேண்டும் என்ற அழுத்தத்தில் பணப் பந்தய விளையாட்டுகள் பக்கம் போவது. நசாரா 2024-ல் போக்கர்பாஸி நடத்தும் மூன்ஷைன் டெக்னாலஜீஸில் 800 கோடி ரூபாய்க்கு மேல் முதலீட்டை அறிவித்தது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. நசாரா பங்கு சில நாட்களிலேயே கணிசமாகச் சரிந்தது. கிரிக்கெட் விளையாட்டுக்கும் அந்தப் போக்கருக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் ஒரே முதலாளி, ஒரே பங்கு. ரம்மியில் தொலைத்த குடும்பங்களின் கதை ஊருக்குப் போகும்போதெல்லாம் காதில் விழுகிறது. அந்த வருமானத்தில் வளரும் வீட்டில்தான் என் பையனின் விளையாட்டும் இருக்க வேண்டுமா என்று மனசு அடித்துக்கொண்டது உண்மை. அந்தக் கதவை இப்போது சட்டம் மூடியிருப்பதில் எனக்கு நிம்மதிதான்.

சரி, பையனுக்கு என்ன பதில் சொன்னேன்?

"ஷேர் மார்க்கெட்டால கேம் கெடாதுடா. அந்த கேமால வர்ற காசு கம்பெனிக்கு முக்கியமா இல்லைன்னா கெடலாம்."

"அப்போ நாம காசு கொடுக்கலாமா?"

விடாக்கண்டன். ஆனால் அவன் கேட்டது சரி. சரவணா ஸ்டோர்ஸ் பையைக்கூட மடித்து வைத்து மறுபடி பயன்படுத்தும் பரம்பரை நாம். மாதம் இரண்டு ஃபில்டர் காபிக் காசை ஒரு விளையாட்டுக்குக் கொடுப்பதென்றால் கை நடுங்கும். ஆனால் தமிழில் வர்ணனை வேண்டும், தொல்லை இருக்கக் கூடாது, சூதாட்டம் அண்டக் கூடாது, எல்லாம் இலவசமாகவும் வேண்டும் என்றால் அதைக் கேட்க நமக்கு வாய் ஏது? அயலூரில் பிள்ளை வளர்க்கிற நமக்குத் தமிழ் எங்கே கிடைத்தாலும் அது பெரிய விஷயம். ஒரு சின்ன வரவாவது அந்தக் கணக்கில் நம் பெயரால் ஏறட்டும். தமிழில் ஆடுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறோம் என்று ஒரு வரி எழுதியும் போடுவோம்.

அன்று சாயங்காலமே முதல் முறையாக அதற்குள் ஏதோ வாங்கிக் கொடுத்தேன். எட்டரைக்குக் கோவில்பட்டியிலிருந்து போன் வந்தது. "மாமா, அவனுக்கு மட்டும் வாங்கிக் கொடுத்தீங்களாமே, எனக்கு?"

செலவு இரண்டாகிவிட்டது :-)

டிஸ்கி: 2021-ல் நானும் ஒரு லாட்டுக்கு, 14,313 ரூபாய்க்கு, விண்ணப்பித்தேன். வழக்கம்போலப் பட்டை நாமம். இன்றுவரை என்னிடம் ஒரு பங்குகூட இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் வாங்கவோ விற்கவோ வேண்டாம்.