பந்து பிரித்ததும் பை சேர்த்ததும்

கோல்ப் என்றவுடன் அது செல்வர் விளையாட்டு என்று முகம் சுளிப்போர் உண்டு, வாசக அன்பர்களே. அவர்களை நாம் குறை கூற மாட்டோம். பரந்த புல்வெளியும் விலை மிகுந்த மட்டைகளும் வேண்டி நிற்கும் ஆட்டமன்றோ அது! ஆயினும், பிழைப்புக்கு வேறு தொழில் செய்துகொண்டு, ஓய்வு நாளில் மட்டும் மட்டையைத் தொடும் நம்மைப் போன்றோர் இவ்விளையாட்டின் பழங்கதைகளில் மனம் தோய்வதற்குக் காரணம் அச்செல்வமன்று. அக்கதைகளில் நெஞ்சில் நிற்பவர்கள் பெரும்பாலும் பந்து தைத்தவர்களும் பை சுமந்தவர்களுமே.

ஆட்டம் பழைமையானது. ஸ்காட்லாந்து நாட்டில் 1457-ஆம் ஆண்டிலேயே, இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் பாராளுமன்றம் கால்பந்தையும் கோல்பையும் தடை செய்தது. இளைஞர்கள் வில்வித்தைப் பயிற்சியைப் புறக்கணிக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. ஓர் அரசே தடை விதிக்கும் அளவுக்கு மக்கள் அதில் மூழ்கியிருந்தனர் போலும். லீத் என்னும் ஊரில் 1744-இல் முதன்முதலாகப் பதின்மூன்று விதிகள் எழுதப்பட்டன. செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் 22 குழிகளாக இருந்த ஒரு சுற்று ஆட்டம் 1764-இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. இன்று உலகெங்கும் வழங்கும் கணக்கு அதுவே.

அந்தச் செயின்ட் ஆண்ட்ரூஸில், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆலன் ராபர்ட்சன் என்பவர் பந்து செய்து விற்று வாழ்ந்தார். அவரிடம் தொழில் பயில வந்தவர் டாம் மாரிஸ். அக்காலப் பந்து எளிதில் உருவானதன்று. தோலைத் தைத்து, சிறு துளை ஒன்றை விட்டு, அதன் வழியே வேகவைத்த வாத்து இறகுகளை ஈரத்தோடு திணிப்பார்கள். ஒரு பந்துக்கு ஒரு தொப்பி நிறைய இறகு வேண்டும். காயும்போது தோல் சுருங்கும், இறகு விரியும். பந்து கல்லாக இறுகும். நாள் முழுவதும் உழைத்தாலும் ஒருவர் மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் செய்ய இயலாது. மழையில் நனைந்தால் அதுவும் பாழ். பட்டறையில் தோளோடு தோள் உரச இருந்த இவ்விருவரும் திடலிலும் கூட்டாளிகள். சமநிலையில் ஆடிய போட்டிகளில் இந்த இணையை வென்றவர் இல்லை என்று இன்றும் பேசப்படுகிறது.

1848-ஆம் ஆண்டளவில் வந்தது வினை. மலேயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் இறுகிக் கிடைக்கும் குட்டா பெர்ச்சா என்னும் பொருளைக் கொண்டு புதுப் பந்து செய்யத் தொடங்கினர். கீழ்த்திசை நாடுகளிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வந்த விஷ்ணு சிலை ஒன்றைச் சுற்றி அடைத்திருந்த குட்டா பெர்ச்சாவைக் கண்டே ஒருவருக்கு இந்த எண்ணம் உதித்தது என்றொரு சுவையான கதையும் வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், பந்து மலிவு, மழைக்கு அஞ்சாது, உருச்சிதைந்தால் சுடுநீரில் இட்டு மீண்டும் உருட்டிக்கொள்ளலாம். ஆலனுக்கு அது தம் அடுப்பில் விழுந்த மண். அதைத் தொடுவதில்லை என்று தம் பணியாளரிடமும் உறுதி பெற்றார்.

ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே டாமிடம் இறகடைத்த பந்துகள் தீர்ந்துவிட்டன. உடன் ஆடியவர் தம் புதுப் பந்து ஒன்றைக் கொடுத்தார். டாம் அதைக் கொண்டு ஆடியது ஆலனுக்குத் தெரிந்தது. அங்கே அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் கடையில் சந்தித்தபோது சொற்கள் தடித்தன. டாம் பட்டறையை விட்டு வெளியேறினார். 1851-இல் பிரெஸ்ட்விக் என்னும் ஊருக்குக் குடும்பத்தோடு குடியேறினார்.

ஆலனைக் கல்நெஞ்சர் என்று நாம் எழுத மாட்டோம். கைத்தொழிலை இயந்திரம் விழுங்கக் கண்ட எந்த நெசவாளரிடமும் தச்சரிடமும் கேட்டால் அவருடைய கோபத்தின் பொருள் விளங்கும். ஆனால் காலம் அவரையும் விடவில்லை. சில ஆண்டுகளில் அவரும் குட்டா பெர்ச்சாப் பந்துக்கு மாறினார். 1858-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலை 79 அடிகளில் முடித்து அரிய சாதனை படைத்ததும் அந்தப் பந்தைக் கொண்டுதான். பகைத்துப் பிரிந்த இருவரும் பின்னர்த் திடலில் மீண்டும் ஒரே அணியில் நின்றனர். நமக்கு அந்த 79-ஐக் காட்டிலும் இதுவே பெரிது. ஆலன் 1859-இல் மறைந்தார். அடுத்து யார் முதல்வர் என்று காண 1860-இல் பிரெஸ்ட்விக்கில் எட்டுப் பேர் ஆடிய போட்டியே இன்றைய ஓப்பன் போட்டியின் தொடக்கம். டாம் இரண்டே அடிகளில் தோற்றார். பின்னர் நான்கு முறை வென்றார்.

தொழில் பிரித்த நட்பு அது. ஒரு பை சேர்த்த நட்பு அமெரிக்காவில் பிறந்தது. பாஸ்டன் நகருக்கு அருகில் புரூக்லைன் திடலில் 1913-இல் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியில், இங்கிலாந்திலிருந்து வந்த ஹாரி வார்டனும் டெட் ரேயும் வெல்வர் என்றே எல்லோரும் நம்பினர். அவர்களை எதிர்த்தவர் பிரான்சிஸ் வீமெட், வயது இருபது, திடலுக்கு எதிர்வீட்டுப் பிள்ளை, சிறு வயதில் அங்கேயே பை சுமந்தவர், பணத்துக்கு ஆடாதவர். அவருடைய பையைச் சுமந்தவன் எடி லவரி என்னும் பத்து வயதுச் சிறுவன். பள்ளிக்குப் போகாமல் வந்தவன் (பெற்றோர் மன்னிப்பார்களாக!). மூவரும் சமநிலை பெற்று மறுநாள் தீர்வாட்டம் என்றானபோது, அனுபவமுள்ள ஒருவரை அமர்த்துமாறு சங்கத்தார் கூறினர். சிறுவனின் கண்கள் கலங்கின. வீமெட் அவனை விட மறுத்துவிட்டார். மழை ஈரத்தில் நடந்த அந்த ஆட்டத்தில் வீமெட் 72, வார்டன் 77, ரே 78.

மகிழ்ச்சி வெள்ளத்தில் கூட்டத்தார் நீட்டிய பணத்தை வீமெட் தொடவில்லை. தொப்பியொன்று சுற்றி வந்தது, எடிக்காக. விளையாட்டுப் பொருள் கடை நடத்தினார் என்பதற்காக 1916-இல் அவருக்குத் தொழில்முறையல்லாதார் என்னும் தகுதியையே சங்கம் மறுத்தது. 1918-இல் அதைத் திருப்பித் தந்தது. பெருந்தன்மை குறைந்த செயல் என்றே நமக்குத் தோன்றுகிறது. அவரோ மனம் கசக்கவில்லை. பை சுமக்கும் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு அவர் பெயரால் 1949-இல் நிதியொன்று தொடங்கப்பட்டது. 1951-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் அவரைத் தலைவராக்கியது. எடி வளர்ந்து, மோட்டார் வண்டி வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டினார். வாழ்நாள் முழுவதும் இருவரும் நண்பர்களாகவே இருந்தனர். 1967-இல் வீமெட் காலமானபோது, அவருடைய பெட்டியைச் சுமந்தவர்களுள் ஒருவராக எடி லவரி நின்றார்.